மணவறையில் உட்கார வேண்டும்

ஜூன் 14

இன்று எல்லா வகுப்புகளையும் நின்றுகொண்டே நடத்தினேன். முதல்வர் வராந்தா வழியாகப் போகும்போது எட்டிப் பார்த்து, இந்த வயதிலும் கைலாசம் சாருக்கு என்ன சுறுசுறுப்பு என்று மாணவர்கள் காதுபடச் சொல்லிவிட்டுப் போனார். உட்கார்ந்தால் அடியில் ஒரு கூழாங்கல்லை வைத்து யாரோ மேல்நோக்கி அழுத்துவது போல இருக்கிறது என்று அவரிடம் சொல்ல முடியுமா?

பொங்கலிலிருந்து இப்படித்தான். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே கழிப்பறைக்கு ஓட வேண்டியிருக்கிறது. ஓடிப் போனால் நாலு சொட்டு, அதுவும் எரிச்சலோடு. திரும்பி வந்தால் மறுபடியும் போக வேண்டும் போல இருக்கிறது. வீட்டில் முதுகெலும்புத் தேய்மானம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மரியாதையான நோய். யாரும் மேலே கேட்க மாட்டார்கள்.

மாலையில் தூத்துக்குடியிலிருந்து சம்பந்தி பேசினார். மகள் வடிவுக்கு ஆவணியில் முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. அவர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். காப்புக் கட்டியதிலிருந்து தாலி ஏறும்வரை பெண்ணைப் பெற்றவர்கள் மணவறையை விட்டு எழக் கூடாதாம். அவருடைய மூத்த மகன் கல்யாணத்தில் பெண்ணின் அப்பா நடுவில் எழுந்து போனாராம். இன்றைக்கும் அந்த வீட்டில் அது பேச்சாக இருக்கிறதாம். "ரெண்டு ரெண்டரை மணி நேரந்தான் சார்" என்றார், ஏதோ தள்ளுபடி கொடுப்பது போல.

போனை வைத்ததும் கோமதி கேட்டாள்: "முதுகு அவ்வளவு வலிச்சா, கொழுந்தனாரும் அவுக வீட்டுக்காரியும் உக்காரட்டுமே?"

செத்தாலும் நடக்காது என்றேன்.

இதை பிரிட்ஜின் மேல் டைரியை வைத்து நின்றபடி எழுதுகிறேன்.

ஜூன் 16

கொழுந்தனார் என்பது என் தம்பி திரவியம். அம்பாசமுத்திரத்தில் மின்வாரிய வேலை. நான் அவன் வீட்டு வாசலை மிதித்துப் பதினோரு வருஷமாகிறது.

அப்பா இறந்தபோது நான் சண்டிகரில் ஒரு கருத்தரங்கில் இருந்தேன். விமானம் கிடைத்து, மதுரையில் இறங்கி, கார் பிடித்து வந்து சேர்ந்தபோது வீட்டைக் கழுவி விட்டிருந்தார்கள். கொள்ளி வைத்தவன் திரவியம். மே மாதம், வெயில், உடம்பு தாங்காது என்று பெரியவர்கள் சொன்னார்களாம். ஊரில் ஐஸ் கட்டியே இல்லையா? மூத்த மகன் நான் உயிரோடு வந்துகொண்டிருக்கிறேன். ஒரு ராத்திரி காத்திருக்கவில்லை.

வடிவு இன்று சென்னையிலிருந்து பேசினாள். அம்மா ஏதோ சொல்லியிருக்க வேண்டும். "நீங்கதாம்ப்பா தாரை வார்க்கணும். சித்தப்பாவை உக்கார வைக்கிறதா இருந்தா சொல்லிருங்க, நான் ரெஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுக்கிடுதேன்" என்றாள். என் மகள்தான்.

ஜூன் 20

டாக்டரைப் பார்த்தேன். பாளையங்கோட்டையில் நடந்து போகும் தூரத்தில் இதற்கென்று இருப்பவர் ஒருவர்தான். வேறு டாக்டர் வேண்டுமென்றால் பஸ் ஏற வேண்டும். பஸ்ஸில் உட்கார முடியாததால்தானே டாக்டரிடமே போகிறேன்.

உள்ளே நுழைந்த பிறகுதான் முகத்தைக் கவனித்தேன். மேசை மேல் பெயர்ப் பலகை: ஜெபசிங் அருள்தாஸ். என்னைவிட இரண்டு வருஷம் கழித்து வேலையில் சேர்ந்தும் எனக்கு வர வேண்டிய துறைத் தலைவர் நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, அதிலேயே ஓய்வும் பெற்றுப்போன அருள்தாஸின் மகன். அதே காது. அதே, கேள்வி கேட்குமுன் பேனாவை மூடிவைக்கும் பழக்கம்.

விரலால் பரிசோதித்தார். அதற்கு மேல் எழுதமாட்டேன்.

புராஸ்டேட் சுரப்பியில் நாள்பட்ட கிருமித் தொற்று என்றார். புற்றுநோய் இல்லை, அறுவைச் சிகிச்சை தேவையில்லை, ஆனால் அந்தச் சுரப்பிக்குள் மருந்து லேசில் போய்ச் சேராது. அதனால் ஆறு வாரம் விடாமல் ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டும், பாதியில் நிறுத்தினால் கிருமி பழகிவிடும் என்றார். தெளிவாகத்தான் சொன்னார். இவன் அப்பாவுக்கு வராத தெளிவு.

பிறகு, "இந்த மாத்திரையோட சேராத ஐட்டம் சிலது இருக்கு சார்" என்று ஆரம்பித்தார்.

"தம்பி, நான் முப்பது வருஷமா கெமிஸ்ட்ரி எடுக்கேன். எதோட எது சேரும், சேராதுன்னு உங்கப்பாட்ட கேட்டாக்கூட என்னைக் கேக்கத்தான் சொல்லுவாரு."

அவர் சிரித்து, பேனாவைத் திறந்து, எழுத ஆரம்பித்தார்.

ஆறு வாரம் என்றால் ஆகஸ்ட் ஆரம்பம். கல்யாணத்துக்கு முன்னால் ஒரு மாதம் மிச்சமிருக்கும். போதும்.

ஜூன் 22

மாத்திரை அட்டையை வீட்டில் எங்கே வைப்பது என்பது பெரிய பிரச்சினை. புத்தக அலமாரியில், கோமதி தொடாத பௌதிக வேதியியல் வரிசைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

கோமதி தேய்மானத்துக்கு வைத்தியம் தொடங்கிவிட்டாள். காலையில் கேழ்வரகுக் கூழ். நாலு மணிக்கு எள்ளுருண்டை. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு டம்ளர் பாலும், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிவந்த கால்சியம் மாத்திரையும். வேண்டாம் என்றால் ஏன் என்பாள்.

யோசித்துப் பார்த்தால் இதில் ஒரு வசதி இருக்கிறது. என் மாத்திரையை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, அவள் கொடுக்கும் கால்சியத்தோடு சேர்த்து வாயில் போட்டு, பாலைக் குடித்துவிடுகிறேன். அவள் எதிரிலேயே. ஒரு விழுங்கில் இரண்டும் போய்விடுகின்றன. யாருக்கும் தெரியாது.

ஜூன் 29

முதல் வாரத்தில் மாற்றம் தெரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். தெரியவில்லை.

ஜூலை 6

தெரியவில்லை.

ஜூலை 9

துறைக் கூட்டம். எல்லோரும் உட்கார்ந்திருக்க, நான் ஜன்னலோரம் கைகட்டி நின்றேன். இப்போதைய தலைவி, என்னிடம் ஆய்வு செய்த பெண், "சார் உக்காருங்க சார்" என்று மூன்று தரம் சொன்னாள். நான் எதிர்ப்புத் தெரிவிக்கிறேன் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. என் பாடவேளைகளில் இரண்டைக் குறைத்துவிட்டாள். நோயால் எனக்குக் கிடைத்த ஒரே லாபம்.

நடுவில் ஒரு தரம் வெளியே போனேன். திரும்பி வந்தபோது பேச்சு சட்டென்று நின்றது.

ஜூலை 15

இரண்டாம் ஆண்டுக்கு நீரின் கடினத்தன்மை. சுண்ணாம்புச் சத்தை எப்படிப் பிடிப்பது என்று பலகையில் வரைந்து காட்டினேன். நடுவே கால்சியம்; சுற்றிலும் நண்டு தன் கொடுக்குகளால் கவ்வுவது போல ஒரு மூலக்கூறு. கவ்விய பிறகு இரண்டும் தனியாக இல்லை, ஒரே பொருள். இரண்டுக்கும் பழைய குணம் போய்விடும், வேறு எதனுடனும் சேராது, அப்படியே கரைந்தோ படிந்தோ வெளியேறிவிடும் என்றேன். நல்ல வகுப்பு. கடைசி வரிசையில் மூன்று பேர் தூங்கினார்கள். அவர்களும் நாளை எங்காவது துறைத் தலைவர் ஆவார்கள்.

சாயங்காலம் வலி அதிகம். கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். ராத்திரி இரண்டு மாத்திரைகளும், பாலும்.

ஜூலை 23

வடிவு வந்திருக்கிறாள். கடையில் புடவை எடுக்க மூன்று பேரும் போனோம். பாயில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய கடை. நான் தூணில் சாய்ந்து நின்றேன். கடைக்காரர் தலையணை கொண்டுவரச் சொன்னார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வேண்டாம் என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அதன்பிறகு வடிவு முதலில் காட்டிய புடவையையே எடுத்துக்கொண்டாள். அவளுக்கு அந்த நிறம் பிடிக்காது என்று எனக்குத் தெரியும்.

வீட்டில் ஒத்திகை போலப் பலகையைப் போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்து பார்த்தேன். கோமதி குக்கரை ஏற்றிவிட்டு வருவதற்குள் எழுந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 2

டாக்டரிடம் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. கிருமி அப்படியே இருக்கிறது. குறையக்கூட இல்லை.

அருள்தாஸின் மகன் பேனாவை மூடிவைத்தார். ஆய்வுக்கூடத்தில் இந்த மருந்து இந்தக் கிருமியைக் கொல்கிறது, உங்கள் உடம்புக்குள் ஏன் கொல்லவில்லை என்று புரியவில்லை என்றார். ஒரு நாள்கூட விடவில்லையே என்று கேட்டார். விடவில்லை. அது உண்மை.

"பால், கால்சியம், வயித்தெரிச்சலுக்கு ஜெல்லு, இப்படி எதுவும் மாத்திரையோட எடுக்கலயே சார்?"

"இல்லை" என்றேன்.

அதையே மறுபடியும் ஆறு வாரம் எழுதிக் கொடுத்தார். தண்ணீரோடு மட்டும் என்று கீழே கோடு போட்டார். வெளியே வந்து ஆட்டோ பிடிக்கவில்லை. சமாதானபுரம் வழியாக வீடுவரை நடந்தேன்.

ஆகஸ்ட் 3

நண்டு. பலகையில் நானே வரைந்தேன்.

ஆகஸ்ட் 5

இனி மாத்திரை விடியற்காலையில், வெறும் தண்ணீரில். கூழையும் பாலையும் அதிலிருந்து பல மணி நேரம் தள்ளிச் சாப்பிட்டால் பிழையில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஆறு வாரத்தை இழந்தவனுக்குக் கால்சியம் என்ற சொல்லே ஆகவில்லை. கூழைக் கண்டாலே எழுந்து போய்விடுகிறேன். பால் வேண்டாம் என்று சொன்னதும் கோமதி டம்ளரைத் திருப்பி எடுத்துப் போய்விட்டாள். கால்சியத்தை மட்டும் நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு, வாசலில் நிற்கும் குரோட்டன்ஸ் தொட்டியில் துப்பிவிட்டு வருகிறேன்.

ஆகஸ்ட் 14

கோமதி தொட்டியைக் கொத்திவிடும்போது பார்த்துவிட்டாள். மண் ஒட்டிய மாத்திரைகளை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"செடிக்கு எதுக்கு எலும்பு மாத்திரை?"

நான் செய்தித்தாளை மடித்தேன். அவள் உட்கார்ந்தாள். நான் நின்றேன்.

சொல்ல வேண்டியதாயிற்று. எந்தச் சுரப்பி, எங்கே இருக்கிறது, என்ன செய்யும் என்று வகுப்பெடுப்பது போலத்தான் சொல்ல வந்தது. மாத்திரை ஏன் வேலை செய்யவில்லை என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லாமலும் இருந்திருக்கலாம். முடித்ததும், "கேன்சர் இல்லையே?" என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். "டாக்டரே சொன்னாரா?" சொன்னார் என்றேன்.

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவளுடைய பெரிய மாமாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்ததாம். நான் ராத்திரி எத்தனை தரம் எழுந்து போகிறேன் என்பது அவளுக்குத் தெரியுமாம். முதுகு வலிக்கிற மனிதன் கழிப்பறைக்கா ஓடுவான் என்று ஆனி மாதத்திலிருந்தே சந்தேகமாம்.

அப்படியென்றால் எதற்கு இத்தனை நாளும் கேழ்வரகும் எள்ளும் பாலும் என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"நீங்க எந்த நோயைச் சொன்னியளோ அதுக்குத்தான நான் பண்டுவம் பாக்க முடியும்?"

மாத்திரைகளைக் குப்பையில் போட்டுவிட்டுப் போனாள்.

ஆகஸ்ட் 15

விடுமுறை. காலையில் தண்ணீர்ச் செம்பை அவளே கொண்டுவந்து வைத்தாள்.

ஆகஸ்ட் 24

அம்பாசமுத்திரத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கப் போக வேண்டும். மூத்தவன் நேரில் போவதுதான் முறை. கோமதி மட்டும் போனாள். பஸ்ஸில் அவ்வளவு நேரம் என்னால் உட்கார முடியாது என்பது உண்மை. இந்த ஒரு முறை அந்த உண்மை உதவியாக இருந்தது.

திரும்பி வந்தவள் திரவியத்துக்குத் தலை நரைத்துவிட்டது என்றாள். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். கல்யாணத்தைப் பற்றித்தான் என்றாள். முகத்தைப் பார்த்தால் அதுமட்டும் இல்லை என்று தெரிந்தது. கேட்டேன். சொல்லிவிட்டாளாம். எல்லாவற்றையும்.

ராத்திரி சாப்பிடவில்லை. உலகத்தில் யாருக்கு வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம், அருள்தாஸுக்கே சொல்லியிருக்கலாம். இப்போது திரவியம் மணவறைக்குப் பக்கத்தில் வேட்டியைத் தயாராகக் கட்டிக்கொண்டு, நான் எப்போது எழுவேன் என்று பார்த்துக்கொண்டு நிற்பான். அவனுக்குப் பழகிய இடம்.

ஆகஸ்ட் 31

எரிச்சல் குறைந்திருக்கிறது. நானாகக் கற்பனை செய்துகொள்கிறேனா என்று நேற்றும் இன்றும் யோசித்தேன். இல்லை, குறைந்துதான் இருக்கிறது. ஆனால் உட்காருவது இன்னும் முடியவில்லை. பலகையில் உட்கார்ந்தால், பத்து நிமிஷம் தாங்குகிறது. அவ்வளவுதான்.

பாழாக்கிய அந்த ஆறு வாரம் கையில் இருந்தால்.

செப்டம்பர் 6

வலி மாத்திரை போட்டுக்கொண்டு உட்காரலாமா என்று டாக்டரிடம் போனில் கேட்டேன். ஓரளவு தாங்கும், ஆனால் சிறுநீர் முட்டுவதை அது நிறுத்தாது, அடக்கி வைப்பது நல்லதல்ல என்றார். "அப்பா உங்களை விசாரிச்சாரு சார்" என்றார். எதற்கு விசாரிக்க வேண்டும்?

வீட்டில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். கழிப்பறை வாசலில் எப்போதும் யாராவது நிற்கிறார்கள்.

செப்டம்பர் 9

நாளை.

செப்டம்பர் 11

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

காலையில் காப்புக் கட்டுவதற்குக் குருக்கள் எங்களைக் கூப்பிட்டார். நானும் கோமதியும் மணவறைக்குப் போனோம். எதிரே சம்பந்தி முதல் வரிசையில், இரு கைகளையும் தொடையில் ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு பலகைகள் போட்டிருந்தார்கள். நான் உட்காரக் குனிந்த நேரம், பின்னாலிருந்து ஒரு கை வந்து என் பலகையை எடுத்துவிட்டது.

திரவியம். தலை நரைத்துத்தான் இருந்தது.

"இதென்ன பலகை? யாரு போட்டா? எங்க வீட்டுல பொண்ணக் குடுக்கவன் உக்கார மாட்டான்லா" என்றான் குருக்களிடம். மைக் பக்கத்தில் இருந்தது. மண்டபம் முழுக்கக் கேட்டது.

சம்பந்தி எழுந்து வந்தார். இப்படி ஒரு வழக்கத்தை அவர் கேள்விப்பட்டதே இல்லை என்றார்.

"உங்க பக்கம் இருக்காது. எங்க பக்கம் இருக்கு. குடுக்கவன் நிக்கணும், வாங்குறவன் உக்காரணும். உங்களுக்குத்தான அண்ணாச்சி மரியாத? எங்க தாத்தா அத்தைக்கு நின்னாரு. எங்கப்பா எங்க அக்காவுக்கு நின்னாரு. பெத்தவனும் கூடப் பொறந்தவனும் மாத்தி மாத்தி நிப்போம்; ஒரு ஆளு போனா ஒரு ஆளு. பொண்ணு பக்கத்துல ஆள் இல்லாம மட்டும் இருக்கக் கூடாது."

எங்களுக்கு அக்கா கிடையாது. எங்கள் அப்பா பெற்றது எங்கள் இரண்டு பேரைத்தான்.

சம்பந்தி என்னைப் பார்த்தார். அப்படியா என்று கேட்டார். பொய் சொல்வது எனக்குப் பிடிக்காத விஷயம். "ஆமாம், ரொம்பக் காலமா" என்றேன். மரியாதை என்ற சொல் அவர் காதில் விழுந்திருந்தது. போய் உட்கார்ந்துகொண்டார். குருக்களுக்கு யார் நின்றால் என்ன. அவர் விளக்கைத் தூண்டிவிட்டு மந்திரத்தைத் தொடங்கினார்.

இரண்டு தரம் போனேன். இரண்டு தரமும் நான் நகர்ந்ததும் அவன் வந்து நின்றான். நான் திரும்பியதும் விலகினான். என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.

மூன்றாவது தரம் போயிருக்கக் கூடாது. முகூர்த்தம் நெருங்கிவிட்டது, அடுத்தது தாரை வார்ப்பதுதான் என்று தெரியும். அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை. மண்டபத்துப் பின்கட்டுக்கு ஓடினேன். அங்கே போய் நின்றால் வழக்கம் போல, வரமாட்டேன் என்கிறது. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நின்றேன். மைக்கில் குருக்கள் குரல் கேட்டது: பெண்ணின் தகப்பனார் செம்பை எடுங்கோ. பிறகு நாதஸ்வரம் நின்றது.

அவன் வார்த்துவிட்டான் என்று நினைத்தேன். இதுவும் போயிற்று என்று நினைத்தேன்.

வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தேன். ஓடவில்லை, இனி எதற்கு ஓட வேண்டும்? பந்தி நடக்கும் இடத்தைத் தாண்டிப் பக்கவாசல் வழியாக நுழைந்தேன். மண்டபத்தில் சத்தமே இல்லை. எல்லோரும் மணவறையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை கையை நீட்டியபடி இருந்தார். அவர் கையில் வடிவு கை. கோமதி தேங்காயும் வெற்றிலையும் பிடித்திருந்தாள். அவர்களுக்கு மேலே, நிறைந்த வெள்ளிச் செம்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரவியம் நின்றிருந்தான். சாய்க்கவில்லை.

"நேரம் போகுது ஓய், ஊத்தும்" என்று சம்பந்தி எழுந்து நின்று சொல்லிக்கொண்டிருந்தார். குருக்களும் ஏதோ சொன்னார்.

"அண்ணன் வரட்டும்."

"நீரும் நிக்கலாம்னு நீர்தான ஓய் சொன்னீரு?"

"நிக்கலாம். ஊத்தக் கூடாது. அண்ணன் வரட்டும். காத்திருப்போம்."

வடிவுதான் முதலில் என்னைப் பார்த்தாள். பிறகு அவன் திரும்பினான். செம்பை என் கையில் கொடுத்தான். அவன் முழங்கை நடுங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் கொஞ்சம் மாப்பிள்ளை வேட்டியில் சிந்திவிட்டது. மற்றதை ஒழுங்காக வார்த்தேன்.

எவ்வளவு நேரம் அப்படிப் பிடித்துக்கொண்டு நின்றான் என்று ராத்திரி கோமதியைக் கேட்டேன். அவள் நகைகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். பெட்டியைப் பூட்டிவிட்டு விளக்கை அணைத்தாள்.

செப்டம்பர் 12

திரவியம் நேற்று முதல் பஸ்ஸிலேயே போய்விட்டானாம். சாப்பிட்டுவிட்டுப் போனானா என்று கேட்டேன். சாப்பிட்டானாம்.

அக்டோபர் 4

பரிசோதனை முடிவு வந்தது. கிருமி இல்லை. மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும், இது திரும்பி வரக்கூடிய நோய் என்றார் அருள்தாஸின் மகன். நன்றி சொன்னேன். அவர் கேட்காமலே, முதல் ஆறு வாரம் மாத்திரையைப் பாலில் குடித்தேன் என்றும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இது அவர் அப்பாவிடம் போகாமல் இருக்க வேண்டும்.

இதைச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நாற்காலியில் ஒரு மெத்தை இருக்கிறது. இருந்தாலும் உட்கார்ந்துதான்.

அக்டோபர் 9

மாலையில் போன். அம்பாசமுத்திரம் எண். கோமதி எடுத்து என்னிடம் நீட்டினாள்.

எடுத்த எடுப்பில், "அண்ணே, ஒரு சிக்கல்" என்றான்.

அவன் மகளுக்குத் தையில் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதாம். மாப்பிள்ளை வீட்டார் நம் சம்பந்திக்கு ஒன்றுவிட்ட உறவாம். ஆவணியில் மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார்கள். இந்தக் குடும்பத்தில் பெண் கொடுக்கிறவன் நிற்பான், அண்ணன் தம்பி மாற்றி மாற்றி நிற்பார்கள் என்று இப்போதே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார்களாம்.

"இனி நான் உக்காந்தா அன்னைக்குச் சொன்னது பொய்யின்னு ஆயிரும். எனக்கு மூட்டு வலி வேற. நீங்க வந்து நின்னாத்தான் ஆச்சு."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

"யோசிங்க. நல்ல நேரம் காலைல ஆறரைக்கு. முந்துன நாளே வந்திருங்க. வீடு தெரியும்லா?"

தெரியும் என்றேன்.